கண்ணாடிக் கடைக்கு நாடி பார்த்தது

கடைத்தெருவுக்கு வைத்தியர் வந்துவிட்டார். மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் அல்ல. அந்தச் சில்லறை வேலைக்குத்தான் ஆஸ்பத்திரி இருக்கிறதே. இவர் கடைகளுக்கு வைத்தியர். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அதைக் கடைச் சுவரில் வைத்து, கண்ணை மூடி, வியாபாரத்தின் இதயத்துடிப்பைக் கேட்பார். கேட்டு முடித்ததும் "ம்" என்பார். கட்டணம் அந்த "ம்"முக்கு மட்டும்தான். அதற்கு மேல் வாய் திறந்தால் தனி.

அவர் தங்கியிருந்த வியாபாரிகள் சங்கத்தின் மாடிப்படி கூட்டம் தாங்காமல் முனகியது. கடைக்கு வந்த வாடிக்கையாளரை "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர் ஏன் வருவதில்லை என்று கேட்பதற்காக எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

சைக்கிள் கடைச் சுவரில் குழாயை வைத்த வைத்தியர், கல்லாவுக்குள் ஒரு பெருமூச்சு கேட்கிறது என்றார். சைக்கிள் கடைக்காரர் அழுதேவிட்டார். எந்தக் கடைக் கல்லாவில்தான் பெருமூச்சு கேட்காது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சலூன்காரரை, நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடச் சொன்னார். முடி வெட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் தங்கள் தலையைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கெட்ட வாடிக்கையாளர்கள் கழிகிறார்கள், நல்ல அறிகுறி என்றார் வைத்தியர். சலூன்காரர் மகிழ்ந்துபோய் இரண்டாம் தவணையும் கட்டினார்.

அடுத்து மூக்குக் கண்ணாடிக் கடையின் முறை.

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கல்லாவில் கணவர். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் எந்திரத்தோடு மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இன்னொருவர் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவள் வாங்கிய எந்திரம் அது. வீட்டில் அடுப்பு எரிவது அதன் தயவில்.

கணவருக்குத் தொழிலை விரிவாக்கும் ஆசை வந்தது. ஆசை முதலில் கதவில் போய் முட்டியது. பழைய மரக்கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியாத பால்நிறக் கண்ணாடிக் கதவு போட்டார். கடை பணக்காரத் தோற்றத்துக்கு வந்தது. கடைக்காரர் ஏழைத் தோற்றத்துக்கு வந்தார். ஆள் வரத்து குறைந்துகொண்டே போனது. அவ்வப்போது கதவில் "டொம்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் யாரும் இருக்கமாட்டார்கள்.

வைத்தியர் சுவரில் குழாயை வைத்த நேரம் பார்த்து அந்த "டொம்" கேட்டது. கடைக்காரர் முகம் வெளுத்தது. வைத்தியர் முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா? தரித்திரம் தட்டுது. திறந்துடாதீங்க."

அன்றிலிருந்து முன்கதவைத் தொடுவதே பாவம் என்றாயிற்று. கடைக்கு வேலையாக வந்தவர்கள்கூடக் கொல்லைப்புறமாக, சமையலறை வழியே, குழம்புக்கு உப்பு சரியா என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். சில நாள் கழித்து, ஒரு காலையில், நோயின் மூலத்தையும் வைத்தியர் கண்டுபிடித்தார். பின்னறை எந்திரம் லென்ஸை மட்டும் தேய்க்கவில்லையாம், வியாபாரத்தையும் சேர்த்துத் தேய்க்கிறதாம். அன்று சாயங்காலமே அவருடைய சீடர் வண்டியோடு வந்து அதை எடுத்துப் போய்விடுவாராம். சீடரின் மைத்துனருக்குப் பக்கத்து ஊரில் கண்ணாடிக் கடை இருப்பது தற்செயல். தற்செயல்கள் வைத்தியரைவிட்டுப் பிரிவதே இல்லை.

"எந்திரம் போனா நான் எதத் தேய்க்கிறது? பாத்திரத்தையா?" என்றாள் மனைவி.

"கடை பிழைக்கணும்னா ஒரு உறுப்ப எடுத்துத்தான் ஆகணுமாம்."

"எடுக்கிறதுக்கு முந்தி இன்னொரு தடவ பாக்கச் சொல்லுங்க. சங்கத்து ஆளுங்க முன்னாடி."

கூட்டம் என்றால் வைத்தியருக்குக் கசக்குமா? மத்தியானமே வந்துவிட்டார். பின்னாலேயே சங்கத் தலைவரான ரொட்டிக் கடைக்காரரும், சலூன்காரரும், பாதித் தெருவும். ஊர்ச் சுவரையெல்லாம் தொட்ட கருவி, லென்ஸ் துடைக்கும் மருந்தால் சுத்தம் செய்து தருகிறேன் என்றாள் மனைவி மிகப் பணிவாக. வைத்தியர் பெருமையோடு கழற்றிக் கொடுத்தார். அவள் பின்னறைக்குப் போய், துடைத்து, பளபளக்கக் கொண்டுவந்தாள்.

வைத்தியர் சுவரில் குழாயை வைத்தார். கண் மூடியது. புருவம் நெளிந்தது.

"நல்லாக் கேக்குதாங்க ஐயா?"

"முன்னைவிடத் தெளிவா. எந்திரம் கடையோட கழுத்த நெரிக்குதும்மா. மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

"இவங்களும் ஒரு தடவ கேக்கட்டுமே."

தலைவர் காதில் மாட்டிக்கொண்டார். கொஞ்சநேரம் விழித்தார். கூட்டத்தைப் பார்த்தார். கேட்கவில்லை என்று சொல்ல அவர் என்ன சாதாரண ஆளா? "ஆமா, மூச்சு. லேசா விக்கலும் இருக்கு" என்றார். அடுத்து மாட்டிய சலூன்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒரு இழவும் கேக்கல. காதுல கோளாறோ என்னமோ."

"உங்க காதுதாண்ணே இங்க நல்ல காது" என்றாள் அவள். வட்டத் தகடு இருந்த தலைப்பைக் கழற்றினாள். இடுக்கியைக் குழாய்க்குள் விட்டு இழுத்தாள். மூக்குக் கண்ணாடியில் மூக்கின்மேல் படியுமே, அந்தக் குட்டி ரப்பர்த் துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் விழுந்தன. குழாய் முழுக்க அதுதான். அதன் வழியே இடி விழுந்தாலும் கேட்காது. வைத்தியருக்கு மூச்சு கேட்டிருக்கிறது, தலைவருக்கு விக்கல்வரை.

வைத்தியர் அசரவில்லை. "நம்பிக்கை இருக்கிறவனுக்கு அடைப்பு வழியாவும் கேக்கும்" என்றார். கடைக்காரர் அதற்கும் தலையாட்டப் போனார்.

டொம்.

"பாத்தீங்களா, தரித்திரம்" என்று வைத்தியர் விரலை உயர்த்தினார். இந்த முறை மனைவி ஓடினாள். கணவர் தடுப்பதற்குள் முன்கதவைத் தள்ளித் திறந்தாள். வெளியே தரித்திரம் கைலி கட்டிக்கொண்டு, நெற்றியைத் தடவியபடி, திரும்பிப் போக ஒரு காலை எடுத்து வைத்திருந்தது. விசாரித்ததில் லாரி டிரைவர் என்று தெரிந்தது.

"கடை இருக்காம்மா? போன வாரமும் வந்தேன். தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, பூட்டியிருக்குன்னு போயிட்டேன்."

கடைக்காரருக்கு ரோஷம் வந்தது. "வெளியிலேருந்து இழுக்கணும். 'இழுக்கவும்'னு கதவுல எழுதியிருக்கில்ல? படிக்கிறதுக்கென்ன?"

டிரைவர் கதவில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து, கைப்பிடியின் அருகே கடுகுபோல் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இதப் படிக்க முடிஞ்சா நான் எதுக்குய்யா உங்க கடைக்கு வர்றேன்?"

இவர் லாரியை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று இரண்டு பேர் கவலையோடு தெருவை எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் கதவையே வெறித்துக்கொண்டு நின்றார். கொல்லை வழியாகவே வந்துபோன அவர், தன் கடைக்கு வெளியே நின்று ஒருநாளும் அந்தக் கதவைத் தொட்டதில்லை. பார்வை நன்றாக உள்ளவர்கள் படித்து, இழுத்து, உள்ளே வந்து, எதுவும் வாங்காமல் போயிருக்கிறார்கள். கண்ணாடி தேவைப்பட்டவர்களெல்லாம் தரித்திரமாகித் தெருவோடு போயிருக்கிறார்கள்.

மனைவி டிரைவரை உட்காரவைத்து, கண் அளவு பார்க்கத் தொடங்கினாள். சலூன்காரர் கத்தரியைக் கையிலேயே கொண்டுவந்திருந்ததால், வாங்கிய தவணைகளைத் திருப்பித் தருவதென்று வைத்தியர் தாமாகவே முடிவெடுத்தார். சாயங்காலம் எந்திரத்தை ஏற்ற வந்த வண்டியில் வைத்தியர் ஏறிக்கொண்டார். பின்னறையில் எந்திரம் டிரைவரின் லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

தலைவர் மட்டும் போகாமல் நின்றார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா சத்தியமா எனக்கு ஏதோ கேட்டுச்சே. அது என்ன?"

அவள் எந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ரொம்ப நாளா வேலை இல்லாம உக்காந்திருக்கிற உங்க மூளை கொட்டாவி விட்டிருக்கும் ஐயா. மறுபடி தூங்கறதுக்குள்ள எழுப்பி ஏதாவது வேலை குடுங்க."