இல்லத்தரசி நிபுணர்

டாக்டர்களில் கண் நிபுணர், காது நிபுணர் இருப்பதுபோல, மனிதர்களில் இல்லத்தரசி நிபுணர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் ஆணாகத்தான் இருப்பார். இதற்குத் தனிப் படிப்பு வேண்டாம், சமையலறைக்குள் போய்ப் பழக்கமும் வேண்டாம். போகாமலே இருந்தால் அது கூடுதல் தகுதி. ஓர் இல்லத்தரசி விழித்ததும் முதலில் யாரை நினைப்பாள், எந்தச் சோப்பைக் கண்டால் அவள் முகம் மலரும், கணவனின் சட்டைக் காலர் வெளுத்தால் அவளுக்கு ஏன் கண் கலங்கும், பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்டால் அவள் வயிறு எப்படித் தானாக நிறையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

ஆனையூரில் இருக்கும் இன்பசேகரன் இந்த இனத்தின் முதல் தரமான உருப்படி. தொழில், விளம்பரப் படம் எடுப்பது. அப்பளம், நல்லெண்ணெய், கிரைண்டர், கொசுவத்தி என்று மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் விற்கிற எந்தச் சாமானுக்கும் முப்பது விநாடியில் ஒரு குடும்பத்தை உண்டாக்கிக் கொடுத்துவிடுவார். உள்ளூர் கேபிளில் ஓடும், தியேட்டரில் இடைவேளையில் ஓடும், இப்போது செல்போனிலும் ஓடுகிறது. சாமான் மாறும், ஊர் மாறும். அந்தக் குடும்பத்தில் நிற்கிற பெண் மட்டும் மாற மாட்டாள்.

அவளை அவர் எங்கே பிடித்தார் தெரியுமா? அவருடைய அப்பா தைத்துக் கட்டி வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைகளில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், அறுபதுகளில் வந்த வனஸ்பதி விளம்பரம், தையல் மெஷின் விளம்பரம், தலைவலி மாத்திரை விளம்பரம். தலை நிறையப் பூ, வழுவழு சேலை, கையில் டிபன் கேரியர், வாசலில் நின்று கணவனை அலுவலகத்துக்கு வழியனுப்பும் புன்னகை. தலைவலி வந்தால்கூட அவள் கணவன் வீடு திரும்புவதற்குள் மாத்திரை போட்டுச் சரிசெய்துகொள்வாள். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்குத் தொண்ணூறு வயதாவது இருக்கும். இன்பசேகரன் அவளை இன்னும் சமையல்கட்டை விட்டு வெளியே விடவில்லை.

யாராவது மாற்றிச் செய்யலாமே என்று கேட்டால், "நம்ம தாய்மாருக இதைத்தான் எதிர்பாக்கிறாக" என்பார். எந்தத் தாய்மாரைக் கேட்டார்? அதெல்லாம் நிபுணரிடம் கேட்கக் கூடாத கேள்வி.

அவர் மனைவி சகாயமேரி, மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். காலை ஏழே முக்காலுக்குச் சமையலை முடித்து எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கிறவர். அவர் கடைசியாகப் பட்டுச் சேலை கட்டியது ஈஸ்டர் பூசைக்குப் போனபோது. இருபத்திரண்டு வருடமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஆனாலும் இல்லத்தரசியைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இன்பசேகரன் பழைய பத்திரிகையைத்தான் புரட்டுவார்.

இப்படி இருக்கையில், போன டிசம்பரில், திருமங்கலத்தில் மசாலாப் பொடிக் கம்பெனி வைத்திருக்கும் கண்ணுச்சாமி வந்தார். பழைய வாடிக்கைக்காரர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் பொடிக்குப் பாண்டியம்மாள் மசாலா என்று பெயர் வைத்து, மூக்குத்தியும் சிரிப்புமாக ஒரு பெண் கரண்டியோடு நிற்கும் படத்தைப் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்ததே இன்பசேகரன்தான். இப்போது வெளியூர்ப் பெரிய கம்பெனிப் பொடிகள் வந்து இறங்கி, சின்னச் சின்ன மளிகைக் கடைகூடக் கண்ணுச்சாமியின் பாக்கெட்டைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது.

"ஒரு நல்ல விளம்பரம் வேணும்ணே. இந்தப் பொங்கலுக்குள்ள சரக்கு நகரலைன்னா மெஷினை நிறுத்த வேண்டியதுதான். பதினாறு பேரு வேலை பாக்குறாக" என்றார் கண்ணுச்சாமி.

இன்பசேகரன் கண்ணை மூடிக்கொண்டு கதை சொன்னார். விடியற்காலை. துளசி மாடம். (தான் கத்தோலிக்கர் என்றாலும் துளசி மாடம் இல்லாமல் அவர் ஒரு விளம்பரமும் எழுதியதில்லை.) ஈரத் தலையில் துண்டு, பட்டுச் சேலை, வளையல் சத்தம். கணவன் பேப்பரை இறக்கி மூக்கை உறிஞ்சுகிறான். அவள் சாம்பாரை ஊற்றிச் சொல்கிறாள்: "உங்க சிரிப்புதான் எனக்குச் சம்பளம்."

கண்ணுச்சாமி தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு, "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றார்.

சன்னல் வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று கேமராக்காரர் ஜினோ சொன்னதால், படப்பிடிப்பை இன்பசேகரன் வீட்டுச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை. சகாயமேரி கூடத்தில் அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்கு, நடிக்க வேண்டிய பெண் திண்டுக்கல்லிலிருந்து போன் செய்தாள். காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை.

இன்பசேகரன் கூடத்துக்கு வந்தார். "மேரி, ஒரு அரை மணி நேரம். பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு, சாம்பாரை ஊத்திட்டு, சிரிக்கணும். அம்புட்டுத்தான்."

சகாயமேரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. சாம்பார் எங்க?"

எல்லாரும் அடுப்பைப் பார்த்தார்கள். துளசி மாடம் வாடகைக்கு வந்திருந்தது, வெள்ளித் தட்டு வந்திருந்தது, பூ வந்திருந்தது. சாம்பாரை யார் வைப்பது என்று கதையில் ஒரு வரியும் இல்லை. விளம்பரத்தில் சாம்பார் எப்போதும் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். அதை அடுப்பில் ஏற்றியவரை யார் பார்த்திருக்கிறோம்?

"நீ வச்சிரலாமே" என்றார் இன்பசேகரன், குரலை இறக்கி.

"அரை மணி நேரம்னு சொன்னீங்க. ஊத்துறதும் சிரிக்கிறதும்தான் என் வேலை. தொண்ணூறு பேப்பர் கிடக்கு."

கண்ணுச்சாமி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "நான் வைக்கிறேன் டீச்சர். குக்கர் எங்க இருக்கு?"

அதன்பிறகு அந்தச் சமையலறையில் நடந்ததை ஜினோ சும்மா நின்று பார்க்க மனமில்லாமல் கேமராவை ஓடவிட்டார். பருப்பைக் கழுவிய விதம், கத்தரிக்காயைக் கையிலேயே வைத்து நாலாகக் கீறிய வேகம், புளியைக் கரைத்து விரல் நுனியால் ருசி பார்த்த நிதானம். கண்ணுச்சாமி பெருங்காயம் கேட்டார். இன்பசேகரன் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். முதல் டப்பாவில் ரவை. இரண்டாவதில் கடுகு. மூன்றாவதில் சகாயமேரி ஒளித்து வைத்திருந்த கடலை மிட்டாய். "உங்களுக்கு இடது கைப் பக்கம், மேல் தட்டு" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. வீடு யாருடையது என்று ஜினோ கேட்கவில்லை. நல்ல மனிதர்.

கணவன் வேடத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேடம். இன்பசேகரனே உட்கார்ந்தார். ஒத்திகையும் தேவைப்படவில்லை.

சகாயமேரி பட்டுச் சேலையில் வந்து நின்றார். ஊற்றினார். "உங்க சிரிப்புதான் எனக்கு" என்று ஆரம்பித்து, 'சம்பளம்' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுபோனார். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் ஏறுகிற ஒன்றைத்தான் அவர் இருபது வருடமாகச் சம்பளம் என்று சொல்லி வந்தார். நாக்கு வளையவில்லை. "சிரிப்பு கண்ணுல வரணும் மேரி" என்றார் கணவர். பத்து முறை எடுத்தார்கள். பதினோராவது முறை சகாயமேரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தப் பொம்பள எப்பங்க சாப்பிடுவா?"

"அதெல்லாம் முப்பது செகண்டுல வராது மேரி."

"அறுபது வருஷமா வரலையே."

இன்பசேகரன் சிரித்து மழுப்பப் பார்த்தார். சகாயமேரி விடவில்லை. ஆனால் கோபமாகவும் கேட்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டார். "உங்க அம்மா இப்படியா இருந்தாங்க?"

அவர் அம்மா நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தவர். அறுபதுகளில், அந்தப் பத்திரிகைப் பெண் டிபன் கேரியரோடு வாசலில் சிரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இவர் அம்மா தானே தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு சங்கு ஊதுவதற்குள் ஓடியவர். தலைமுடியில் பஞ்சுத் துகளோடு வந்து உலை வைப்பார். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுச் சட்டியிலேயே இரண்டு வாய் பிசைந்து நின்றபடி சாப்பிடுவார். நாற்பது வருடத் தொழிலில் இன்பசேகரன் எத்தனையோ அம்மாக்களை எழுதியிருக்கிறார். அந்த அம்மாவை ஒரு தடவைகூட எழுதியதில்லை. அவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இல்ல" என்றார் கடைசியில்.

கண்ணுச்சாமிதான் அடுத்துப் பேசினார். அடுப்பைத் துடைத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல். "டீச்சர், இந்தப் பாண்டியம்மாள்னு யாரும் கெடையாது. கல்யாண வீடுகள்ல பதினெட்டு வருஷம் சமைச்சவன் நான். இந்தப் பொடி என் பக்குவம். ஆம்பள அரைச்சதுன்னா வீட்டுக்கு வாங்க மாட்டாகன்னு அண்ணே சொன்னாரு. எம் பொஞ்சாதி தங்கப்பொண்ணு வண்டி எடுத்துக்கிட்டுக் கடை கடையாச் சரக்குப் போடுறா. நான் அரைக்கிறேன். பாக்கெட்டுல வேற ஒருத்தி நிக்கிறா. ஒரு நாளு உசிலம்பட்டி பஸ்ஸுல ஒரு அம்மா பக்கத்து சீட்டுல சொல்லிட்டு வாரா, 'இந்தப் பாண்டியம்மா கைக்குத் தங்க வளையல் போடணும்'னு. நான் ரெண்டு கையையும் துண்டுக்குள்ள வச்சுக்கிட்டேன்."

சகாயமேரி பூவைத் தலையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். "ஒருத்தர் எழுதின பரீட்சைக்கு இன்னொருத்தர் பேருல மார்க் போடச் சொல்றீங்க. என்னால முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போய்விட்டார்.

மத்தியானம் பரவை மார்க்கெட்டில் சரக்குப் போட்டுவிட்டுத் தங்கப்பொண்ணு வந்து வண்டியை நிறுத்தினார். முகமெல்லாம் தூசி. யாரும் உபசரிக்கவில்லை, அவராகவே ஒரு தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, சாம்பாரை ஊற்றி ஒரு வாய் வைத்தார். கண்ணுச்சாமி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார் தங்கப்பொண்ணு. "மத்தபடி, அதே கைதான்."

கண்ணுச்சாமி சிரித்தார். ஜினோவின் கேமரா அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அந்தத் துண்டுகளைப் போட்டுப் பார்த்தபோது இன்பசேகரன் தலையை ஆட்டினார். "ஆம்பள சமைக்க, பொம்பள வண்டியில வந்து குத்தம் சொல்ல, இது எடுபடாதும்மா."

"மருதையில எந்தக் கல்யாணத்துல பொம்பள சமைச்சா? எல்லாரும் தின்னுட்டுத்தான போறாக?" என்றார் தங்கப்பொண்ணு. "இதையே போடுங்க. பாண்டியம்மாளை அனுப்பி விடுங்க. பாவம், பன்னெண்டு வருஷமா ஒரே சேலையில நிக்கிறா."

போட்டார்கள். பொங்கலுக்கு முன்பே சரக்கு நகர்ந்தது. மளிகைக் கடைகளில் "உப்பு ஒரு கல்லு கம்மி பாக்கெட் குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். மெஷின் நிற்கவில்லை. புதுப் பாக்கெட்டில் மீசையோடு கண்ணுச்சாமியே நிற்கிறார். பஸ்ஸில் போனால் கையைத் துண்டுக்குள் வைப்பதில்லை. இரண்டொரு பேர் பிடித்துக் குலுக்குகிறார்களாம்.

இதோடு நிபுணர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தின் தாங்கும் சக்தி தெரியவில்லை. மார்ச் மாதம் மகளிர் தினத்துக்கு ஒரு கல்லூரியில் அவரைக் கூப்பிட்டார்கள். பழைமையை உடைத்த படைப்பாளி என்று பொன்னாடை போர்த்தினார்கள். சமையலறை இருபாலருக்கும் பொது என்று முக்கால் மணி நேரம் பேசினார். தன் அம்மாவின் மில் வேலையைப் பற்றிச் சொன்னபோது குரல் நிஜமாகவே உடைந்தது. அதில் நடிப்பில்லை. மாணவிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து, பொன்னாடையை நாற்காலியில் போட்டு, உட்கார்ந்தார்.

"மேரி, தண்ணி."

சகாயமேரி பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். இன்பசேகரன் எழுந்தார். சமையலறைக்குப் போனார். தம்ளர் தேடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு இரண்டு தம்ளரோடு வந்தார். ஒன்றை மனைவியிடம் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

"என்னங்க?" என்றார் சகாயமேரி.

"இல்ல, ஒண்ணும் சொல்லலையேன்னு பாத்தேன்."

இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் குடித்தவர், முதல் தம்ளருக்கே பாராட்டுக்குக் காத்திருந்தார். சகாயமேரி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கண்ணிலும் வந்ததாக நம்பகமான தகவல். இப்போது வாரத்தில் இரண்டு நாள் நிபுணர் சாம்பார் வைக்கிறார். சுமார்தான். பெருங்காயம் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது.

இன்பசேகரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் ஐயா, கொஞ்சம் நில்லுங்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவப் போன மகனிடம் "விடுடா, அக்கா பாத்துக்குவா" என்று சொன்ன அம்மா, நீங்களும்தான். இந்தப் பக்கத்தைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் பக்கத்தில் ஒரு காபி இருந்தது. பாதி குடித்தும்விட்டீர்கள். அதைக் கொண்டுவந்து வைத்தது யார் என்று சட்டென்று சொல்ல முடிகிறதா? திரும்பிப் பார்க்க வேண்டாம். வைத்தவர் இந்நேரம் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.