ஃபெரிட்டின் ஏழு

இனிமேல் ஈரத்துணி வாளியைத் தொடுவதில்லை என்று எழுத்தர் முடிவு கட்டினார். வீடு கீழே, துணிக்கொடி நாலு மாடி மேலே, லிஃப்ட் கிடையாது. ஞாயிறுதோறும் வாளியோடு ஏறினால் மூச்சு வாங்கியது. அது சோம்பல் என்பது மனைவியின் கட்சி. உடம்பில் ரத்தமே இல்லை என்பது அவர் கட்சி.

முப்பது வருஷ அலுவலக வாசம் அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருந்தது. வாய்வார்த்தையை நம்ப மாட்டார். எதுவும் எழுத்தில் வேண்டும், அடியில் தேதியும் கையெழுத்தும் வேண்டும். பால்காரர் இரண்டு நாள் வரமாட்டேன் என்றபோதுகூட எழுதி வாங்கியவர். ஆகவே ரத்தம் இல்லை என்பதையும் எழுத்தில் வாங்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். துணைக்கு வந்த மனைவி, வந்ததுதான் வந்தோம் என்று தானும் கையை நீட்டினாள். ஆறு மாதமாக அவளும் அசதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுத்தில் கொடுக்காததால் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே உறையில் கிடைத்தன. தெருமுனையிலேயே நின்று பிரித்தார். அவருடைய ஹீமோகுளோபின் பதினைந்து, ஃபெரிட்டின் நூற்று எண்பது. எல்லாம் வரம்புக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. இவ்வளவு ஆரோக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

மனைவியின் தாளைப் பார்த்தார். ஃபெரிட்டின் ஏழு. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘குறைவு’. இதுவல்லவா ரிப்போர்ட் என்று முதலில் பொறாமைப்பட்டார். பிறகு, பொறாமை எதற்கு, எடுத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றியது. அவளிடம் திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று மனசாட்சிக்கு ஒரு தேதி கொடுத்தார். இரண்டு தாளையும் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து சோபாவில் சரிந்தார்.

“எனக்கு ஃபெரிட்டின் ஏழு” என்றார் ஈனசுரத்தில்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். “எனக்கு?”

“உனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கே.”

அவள் ஃபெரிட்டின் என்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். எழுத்தர் படுத்தபடியே பாடம் எடுத்தார். உடம்பின் இரும்புச்சத்தில் ஹீமோகுளோபின் என்பது அடுப்பில் இருப்பது, ஃபெரிட்டின் என்பது டப்பாவில் இருப்பு. அடுப்பில் ஏதோ கொதிக்கிறதே என்று ஊர் நினைக்கும். டப்பாவைத் திறந்தால்தான் தெரியும், காலி. இப்படிப்பட்ட ஆளை வேலை வாங்குவது மகா பாவம்.

“பாவம்தான். என்னென்ன பண்ணணும்னு எழுதிக் கொடுத்துடுங்க. வாயால சொன்னா மறந்துடுவேன்” என்றாள்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக மனைவி தன் வழிக்கு வந்துவிட்டாள் என்று எழுத்தர் பூரித்துப்போனார். எழுந்து உட்கார்ந்து எழுதினார். அலுவலகச் சுற்றறிக்கையில் ஆள் பெயர் வராது, பதவிதான் வரும். அந்த வழக்கப்படியே எழுதினார். ஃபெரிட்டின் ஏழு உள்ளவர் வாளி தூக்கக் கூடாது. பாத்திரம் கழுவக் கூடாது. அவரை டாக்டரிடம் அழைத்துச் சென்று, தரும் மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்க வேண்டும். சாப்பாட்டோடு டீ கொடுக்கக் கூடாது. மேற்படி வேலைகள் அனைத்தையும் வீட்டிலுள்ள மற்றவர் மூன்று மாதம் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும்.

“மூணு மாசத்துல டப்பா ரொம்பிடுமா?” என்று மனைவி கவலைப்பட்டாள்.

நியாயமான கேள்வி. அடித்துவிட்டு ஆறு என்று போட்டு, தேதியும் கையெழுத்தும் வைத்தார்.

அவள் அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பிறகு போனை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “ரிசல்ட்டை நேத்தே அவங்கவங்க போனுக்கு அனுப்பிட்டாங்க. நீங்கதான் தாளுல வந்தாத்தான் பார்ப்பீங்களே. ஏழு என்னோடது. ஆறு மாசமா சொல்றேன், ஒரு நாளாவது கேட்டீங்களா?”

எழுத்தருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கை தன்னிச்சையாகப் பேனாவைத் தேடியது.

“கையெழுத்துக்கு அப்புறம் திருத்தம் செல்லாது. நீங்க சொல்றதுதான்” என்றாள். “கொஞ்சம் எழுந்திருங்க, நான் படுக்கணும்.”

மறுநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் எழுத்தர் வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்றார். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர், என்ன சார் இப்படி மூச்சு வாங்குது, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

“ஒரு குறையும் இல்லையாம் சார்” என்றார் எழுத்தர் துக்கத்தோடு. “எழுத்துலயே கொடுத்துட்டாங்க.”