சோற்றுக்கு ஒரே ஆள்

படித்த திமிர் என்ன பாடு படுத்தும் என்று கேட்டால், நூறு பேர் சோறில்லாத இலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தைச் சொல்வேன். உட்கார வைத்தவள் நான்.

1953. திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்து சுசீந்திரத்துக்கு வந்திருந்தேன். (தெருவின் முதல் பட்டதாரிப் பெண், யாரையும் அதை மறக்க விட்டதில்லை.) அக்கா கல்யாணம் நல்லபடியாக முடிந்தால் மேற்படிப்புக்கு மதராசுக்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். பந்திப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

கல்லூரியில் படித்த சமூகவியல் பாடம் தலைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. பழைய சமூகத்தில் எல்லாரும் ஒரே வேலை செய்கிறார்கள். ஒன்றுபோல் இருப்பதே அவர்களைச் சேர்த்துவைக்கிறது. புதிய சமூகத்தில் வேலை பிரிந்துவிடுகிறது. ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுவதால் ஒற்றுமை வருகிறது, உடம்பின் உறுப்புகள் மாதிரி. உடனே ஒரு பட்டியல் எழுதிப் பந்தல்காலில் ஒட்டினேன். ஆளுக்கு ஒரு வேலை. அடுத்தவர் வேலையைத் தொடக்கூடாது. சோற்றுக்கு அம்மாவின் தம்பி, எங்கள் மாமா.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். அவியல் வந்தது, தோரன் வந்தது. பருப்பு வாளியோடு வந்தவர் ஊற்ற இடமில்லாமல் நின்றார்.

"ஏட்டி, சோறு எங்க?" என்று அம்மா ஓடி வந்தாள்.

மாமா மணமக்களோடு கோவிலுக்குப் போயிருந்தார். தாய்மாமனுக்குத் தாய்மாமன் வேலையும் உண்டு என்பது என் பட்டியலில் இல்லை.

தண்ணீர் ஊற்றியவரிடம் கெஞ்சினேன். "அண்ணே, நீங்க சோறு எடுங்க."

"எனக்குத் தண்ணின்னுல்லா எழுதியிருக்கு? மத்தவன் வேலையைத் தொடப்பிடாதுன்னு நீதானே மக்கா சொன்ன?"

பதறிப்போய்ச் சோற்றுக் கூடையை நானே தூக்கினேன். இரண்டாவது எட்டில் சேலை தடுக்கியது. பாதிச் சோறு தரையில். மீதி மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில்.

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா எழுந்தார். (கல்யாணமும் போச்சு, மதராசும் போச்சு.) வேட்டியை உதறிவிட்டுத் தம் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே, நாலு பேரு எந்திரிங்க! பிள்ள ஒத்தைக்குத் தூக்குது, பாத்துக்கிட்டா இருக்கிய?"

நாலு பேரைக் கேட்டதற்குப் பத்துப் பேர் எழுந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சேலையைச் செருகிக்கொண்டு அடுக்களைக்குள் புகுந்தார்கள். அடுத்த பந்தியில் எங்களுக்கு அவர்கள்தான் பரிமாறினார்கள். சாயங்காலத்துக்குள் யார் எந்த வீடு என்றே தெரியாமல் போயிற்று.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். "மதராசுக்குப் போயி மிச்சத்தையும் படி, மக்ளே. பாதியோட விட்டா இன்னும் எத்தன கல்யாணத்தக் கெடுப்பியோ!"

அந்தப் பாடத்தையே முப்பது வருஷம் கல்லூரியில் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றும் அந்த இரு வீட்டில் எதில் கல்யாணம் என்றாலும் எனக்கென்று ஒரு வேலை ஒதுக்குவார்கள்: முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆளும் உண்டு.