ஜீப்புக்கு என்ன நட்சத்திரம்?

“நட்சத்திரம் இருக்கா மாமா? முக்கியமா அதைத்தான் கேட்கிறார்.”

“யாருக்கு?”

“ஜீப்புக்குத்தான்.”

“இல்லாமலா மாப்ளே? அருமையான நட்சத்திரம்! அம்மனே ஏறுற வண்டியாச்சே.”

போனின் சுவா முனையில், பிஜியின் தலைநகரில், இருந்த சதேந்திராவுக்கு அப்போதே நியூசிலாந்து போய்ச் சேர்ந்துவிட்டதுபோல் ஆக்லாந்துக் குளிர் உடம்பில் ஏறியது. பினாங்கு முனையில் (மலேசியப் பினாங்கு அல்ல, அதே பிஜித் தீவின் பினாங்கு) இருந்தவர் அவன் மாமனார் பாலசுப்பிரமணி. சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் கரும்பு போட்டிருந்தார். மாரியம்மன் கோயிலுக்குத் தலைவரும் அவரே.

சதேந்திராவின் வாயில் இயல்பாக வருவது இந்தி. தமிழ் அவனிடம் அர்ச்சனைத் தட்டோடு மட்டும் வரும். ‘நட்சத்திரம்’ என்ற சொல்லையும் பூசாரியிடம்தான் கற்றிருந்தான். அமெரிக்க ராணுவம் பானெட்டில் தீட்டிய வெள்ளை நட்சத்திரத்துக்கும் அதே சொல்தானே என்று நம்பிவிட்டான்.

பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. நாட்டைக் காப்பாற்றிவிட்டதாக ரேடியோ தினமும் சொன்னது. காப்பாற்றப்பட்டவர்கள் எல்லாரும் விசாவுக்கு வரிசையில் நின்றார்கள். ஆபீஸ் கிளார்க்கான சதேந்திராவுக்கு வரிசையில் நிற்கவும் தகுதி இல்லை. கூப்பிட அங்கே ஆள் வேண்டும். ஆக்லாந்தில் பழைய போர் வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை நடத்திய விட்கோம் என்பவர், கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் விட்டுப்போய், இப்போது மாமனாரின் கோயிலில் இருக்கும் அந்த ஜீப்பைப் படம் பிடித்து, அளந்து அனுப்ப வேண்டும்.

“பெயின்டின் அடுக்கு, போல்ட்டின் தலை, ஓட்டை, எல்லாம் உள்ளது உள்ளபடி வேண்டும். தூசியைக்கூடத் துடைக்காதே” என்றார் விட்கோம்.

“ஒரிஜினல் நட்சத்திரமே இருக்கு சார்” என்றான் சதேந்திரா.

கேமராவும் அளக்கும் டேப்பும் மனைவி மோகினியுமாக அவன் பினாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கினான். கொட்டகையில் ஜீப் பளபளவென்று மஞ்சளாக நின்றது. ஹார்ன் இருக்க வேண்டிய இடத்தில் கோயில் மணி தொங்கியது. கம்பெனித் தகடு இருந்த இடத்தில் ‘அம்மன் துணை’.

“மாமா, நட்சத்திரம் எங்கே?”

“எங்கேன்னா? உத்திரட்டாதி மாப்ளே. வாங்கின அன்னைக்கே பூசாரி குறிச்சுக் குடுத்துட்டார்.”

சதேந்திரா மண்ணில் உட்கார்ந்தான். மோகினி விஷயத்தை விளக்கினாள். பெரியவர் ஜீப்பைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அந்த நட்சத்திரமா? மஞ்சளுக்கு அடியில இருக்கும். சுரண்டிப் பாருங்களேன் மாப்ளே.”

சுரண்டினான். மஞ்சளுக்கு அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் இன்னொரு மஞ்சள். வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பக்தர்கள் மனதாரப் பூசியிருந்தார்கள். கடைசியில் தகரம் வந்தது. அமெரிக்கா வரவே இல்லை.

“ஏங்க, ஒரு நட்சத்திரம்தானே? நான் வரைஞ்சு தர்றேன்” என்றாள் மோகினி.

கோலம் போட்டுப் பழகிய கை. சுரண்டிய இடத்தில் ஒரே மூச்சில் வரைந்து முடித்தாள். அழகான நட்சத்திரம்தான், முனைகள் மட்டும் ஆறு. சதேந்திரா வாயைத் திறப்பதற்குள் பெரியவர் நடுவில் ‘ஓம்’ எழுதிவிட்டார்.

“மாமா! இது அமெரிக்கா வண்டி!”

“அவங்களுக்கும் நல்லதுதானே மாப்ளே.”

இனி அழிப்பதைவிட மறைப்பதே மேல் என்று சதேந்திரா முடிவு செய்தான். வேலிக் கதவுக்கு வாங்கி மிச்சமிருந்த பச்சை பெயின்ட் கிடைத்தது. வண்டி முழுக்கப் பூசினான். காய்ந்ததும் ஐந்து முனை வரைந்து, மேலே மண்ணைத் தூவினால் நாற்பது வருஷப் பழசாகிவிடும் என்பது திட்டம். வெயிலில் காயட்டும் என்று மூவருமாகத் தள்ளிக்கொண்டுபோய் ரோட்டோரம் நிறுத்தினார்கள்.

இந்த நாட்டில், இந்த வருடத்தில், பச்சை ஜீப்பை ரோட்டோரம் நிறுத்தக்கூடாது என்பது ராணுவ லாரி வந்து நின்ற பிறகுதான் மூவருக்கும் உறைத்தது.

துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் மட்டும் இறங்கி வந்தான். ஆறடி உயரக் காய்வித்தி இளைஞன், பிஜியின் பூர்வகுடி. பேசியது நல்ல இந்தி.

“யாரோட வண்டி?”

“அம்மனோடது” என்றார் பாலசுப்பிரமணி.

“எந்த ரெஜிமென்ட்?”

பெரியவர் யோசிக்க ஆரம்பித்தார். மோகினி அவர் கையைக் கிள்ளினாள்.

“கோயில் வண்டிங்க. சாமி ஊர்வலம் போகும்” என்றாள்.

“சாமிக்கு எதுக்கு ஆர்மி கலர்?”

சதேந்திரா முந்திக்கொண்டான். ஆக்லாந்து, விட்கோம், வேலை என்று எல்லாவற்றையும் தலைகீழாகக் கொட்டினான்.

“அப்போ ராணுவ வண்டியைப் போட்டோ எடுத்தீங்க.”

“ஆமா… இல்ல… பழைய ராணுவம்.”

“அளந்தீங்க.”

“கொஞ்சம்தான்.”

“வெளிநாட்டுக்கு அனுப்பப் போறீங்க.”

மோகினி மெல்ல அழத் தொடங்கினாள். ஆக்லாந்து போனால் போகட்டும், சுவாவுக்காவது திரும்பிப் போக விடுவார்களா என்பதுதான் இப்போது சதேந்திராவின் கவலை.

சிப்பாய் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினான். பானெட்டில் விரலை வைத்தான். ஈரப் பச்சை ஒட்டியது. சீருடையில் துடைத்துக்கொண்டான், கறையே தெரியவில்லை.

“விவரம் அனுப்பினா அந்த ஆள் நிஜமாவே கூப்பிட்டுக்குவாரா?”

“உள்ளது உள்ளபடி இருந்தா கூப்பிடுவார். இனிமே எங்கே…” சதேந்திரா ஈரப் பச்சையைக் காட்டினான்.

சிப்பாய் லாரிப் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தான். துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிந்தான்.

“அண்ணே, எங்க கேம்ப்புல இதே மாதிரி ஒண்ணு இருக்கு, ஒரு ஆணியைக்கூட யாரும் தொட்டதில்லை; நானே அளந்து, போட்டோ எடுத்துத் தர்றேன், அவர்கிட்ட என்னையும் கூப்பிட்டுக்கச் சொல்றீங்களா?”