மூடி முத்திரையிட்ட மூன்று உறைகளும் ஒரு காரும்

சனிக்கிழமை, முற்பகல்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன். இனி உண்மை நிலவரம்.

சென்ற ஆண்டு நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்த கார் வாசலில் நிற்கிறது. அதன் காப்பீடு இன்றோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் மாமியாருக்குப் புரை நீக்கும் அறுவை சிகிச்சை; புரை இரண்டு கண்ணிலும், முதலில் வலது கண். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறவிட்டால் இன்னொரு நான்கு மாதம் ஆகும் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இப்போதே அவள் உப்பையும் சர்க்கரையையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பிரித்து அறிகிறாள். ஆக, கார் தயார், கண் தயார், மருத்துவர் தயார். காப்பீடு மட்டும் இல்லை. இதற்குக் காரணம் நீங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "எடுத்த எடுப்புல வாங்கிடாதீங்க மாமா, மூணு இடத்துல விலை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்க" என்று தொலைபேசியில் சொன்னவர் நீங்கள் என்பதை மட்டும் பதிவு செய்து வைக்கிறேன்.

வேறு யாரிடம் இதைச் சொல்லியிருந்தாலும் அவர் மூன்று பேருக்கு போன் செய்துவிட்டு ஒருவரிடம் வாங்கியிருப்பார். நீங்கள் சொன்னதோ கொள்முதல் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் குப்பை கொட்டிய தலைமை எழுத்தரிடம். நான் டெண்டர் விட்டேன். மூன்று ஏஜென்ட்டுகளுக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். விலைப்புள்ளி மூடி முத்திரையிட்ட உறையில் இருக்க வேண்டும், வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் அனைவர் முன்னிலையிலும் உறைகள் பிரிக்கப்படும், தாமதமாக வருபவை நிராகரிக்கப்படும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். முன்வைப்புத் தொகை கேட்கும் பத்தியை மட்டும் உங்கள் மாமியார் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். அலுவலகத்திலும் மேலிடத்தின் தலையீடு இருக்கத்தான் செய்தது.

சென்ற வார வியாழனன்று மூவரும் வந்தார்கள். ஒருவர் என் ஸ்கூட்டருக்குக் காப்பீடு போட்டுவந்த பழைய கம்பெனிக்காரர். இன்னொருவர் கழுத்தில் டை கட்டியவர். மூன்றாமவர் தெருக்கோடியில் டயர்க் கடை வைத்திருப்பவர். டயரோடு காப்பீடும் விற்கிறார். டை கட்டியவர் உறையே கொண்டு வரவில்லை. தன் விலை போனுக்குள் இருக்கிறது என்றார். விதிமுறையைக் காட்டினேன். அவர் பண்புள்ளவர், போனை ஒரு பழுப்பு உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்போது மணி இரண்டே முக்கால். அடுத்த கால் மணி நேரம் அந்த உறை மேசையில் நகர்ந்து நகர்ந்து அடித்தது. மூன்று மணிக்கு முன் பிரிக்க விதியில் இடமில்லை. மூன்றுக்குப் பிரித்தால் ஏழு அழைப்புகள், ஏழும் அவர் மேலதிகாரியிடமிருந்து. விலையைக் கேட்டேன், சொன்னார். குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள் அது மாறிவிட்டது. "அது அப்படித்தான் சார், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்" என்றார். முப்பத்து நான்கு ஆண்டில் தானாக மாறும் விலைப்புள்ளியை நான் பார்த்ததில்லை. மாற்றிய ஆட்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒப்பீட்டுப் பட்டியல் போட உட்கார்ந்தேன் மாப்பிள்ளை. அங்கேதான் எனக்கு உலகம் இருண்டது. மூன்று பேரும் ஒரே காருக்குத்தான் விலை சொல்லியிருந்தார்கள், ஆனால் ஒரே பொருளுக்குச் சொல்லவில்லை. பழைய கம்பெனிக்காரரின் விலை மலிவு. ஏனென்றால் அது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். நாம் யாரையாவது இடித்தால் இடிபட்டவருக்குப் பணம் கிடைக்கும், இடித்த நமக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூடக் கிடைக்காது. டை கட்டியவருடையது முழுக் காப்பீடு. முழு என்ற சொல்லுக்குப் பின்னால் எவையெல்லாம் சேராது என்று பத்தொன்பது வரிகள் இருந்தன. டயர்க் கடைக்காரருடையதும் முழுதான், ஆனால் கூடுதலாகத் தேய்மானம் கழிக்காத வசதி சேர்ந்தது. அது இல்லையென்றால் பம்பர் உடையும்போது, "இது பழைய பம்பர்தானே" என்று பாதி விலைதான் தருவார்களாம். உடைந்த பம்பருக்குப் பதிலாகப் பாதிப் பம்பர் எங்கே விற்கிறது என்று கேட்டேன். 

இதற்குள் மூவரும் ஒருவர் உறையை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார்கள். டை கட்டியவரின் விலை ஏன் குறைவு தெரியுமா என்று பழைய கம்பெனிக்காரர் கேட்டார். காரின் மதிப்பையே குறைத்துப் போட்டிருக்கிறாராம். நாளை கார் திருடு போனால் அந்தக் குறைந்த மதிப்புதான் கைக்கு வருமாம். டை கட்டியவர் சும்மா இருப்பாரா? டயர்க் கடைக்காரரின் தாளில் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். வெள்ளத்தில் எஞ்சின் கெட்டால் என்ன ஆகும் என்று நான் நடுவில் கேட்டேன். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் பணம் கிடையாது, தொடாமல் விட்டால் உண்டு என்றார்கள். ஒன்றுமே செய்யாதவனுக்குப் பரிசு தரும் இந்த விதி ஒன்றுதான் எனக்குப் புரிந்தது, எங்கள் அலுவலகத்திலும் அதுவே நடைமுறை. உங்கள் மாமியார் தடவித் தடவித் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வண்டி எங்கயாவது மோதி நின்னுடுச்சுன்னா யாருங்க வருவீங்க?" இரண்டு பேர் இலவச எண் கொடுத்தார்கள். டயர்க் கடைக்காரர், "நான்தாம்மா வரணும், வேற யாரு வருவா" என்றார். இது பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்காத விஷயம் என்பதால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

சமமில்லாத விலைப்புள்ளிகளை ஒப்பிடக் கூடாது என்பது விதி. டெண்டரை ரத்து செய்தேன். இன்ன மதிப்பு, இன்ன கூடுதல் வசதிகள், நம் பங்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் நானே வரையறுத்து இரண்டாம் டெண்டர் விட்டேன். நேற்று உறைகளைப் பிரித்தோம். மூன்றிலும் ஒரே தொகை, கடைசி இலக்கம் வரை. முதல் தடவை எங்கள் வீட்டில் அறிமுகமானவர்கள் இப்போது நண்பர்களாகிவிட்டார்களாம். டயர்க் கடையில் உட்கார்ந்து பேசியே எழுதினோம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். "உங்களுக்குச் சிரமம் வேண்டாமேன்னுதான் சார்" என்றார் டை கட்டியவர். இது கூட்டுச் சதி. விதிப்படி மறுபடி ரத்து. ரத்துக் கடிதத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வாங்கிக்கொண்டு, ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள்.

"இருபத்து மூணு நாளா என்ன பண்ணினீங்க?" என்று உங்கள் மாமியார் இன்று காலை கேட்டாள். கோப்பைக் காட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவளால் படிக்க முடியாது என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவள் கோபப்படவில்லை. கையால் அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை மாப்பிள்ளை.

வாடகைக் காரில் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் மூன்று இடங்களில் விலை கேட்டிருக்கிறேன். பதில் தர செவ்வாய்க்கிழமை கடைசி நாள். திங்கட்கிழமைக்குப் பின்தான் செவ்வாய் வருகிறது என்பதை அறிவிப்பு அனுப்பிய பிறகுதான் கவனித்தேன்.

ஆகவே நான் முழு மனதோடு கேட்டுக்கொள்வது இதுதான். இந்தக் காரைத் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரைக் காப்பாற்ற எத்தனை வகை இருக்கிறது என்று தெரிந்தபின் அதை வைத்திருக்கும் துணிவு எனக்கு இல்லை. உங்கள் மாமியாரின் கண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை. ஒரு வேலையும் தெரியாதவன் கெடுப்பதைவிட, ஒரே வேலையை நன்றாகத் தெரிந்தவன் அதிகம் கெடுக்கிறான் என்று தோன்றுகிறது.

மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நீண்ட காலம் நலமாக, இயன்றவரை நடந்தே சென்று வாழ வேண்டும் என ஆசீர்வதிக்கும்

மாமனார்.

பி.கு. (புதன்கிழமை): தபால்தலை இல்லாததால் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், காரை எடுக்கவும் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது உங்கள் மாமியார் டயர்க் கடைக்காரருக்கு போன் செய்திருக்கிறாள். திங்கட்கிழமை அவரே தன் வண்டியில் எங்களை அழைத்துப்போய், மதியம் வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார். அறுவை நல்லபடியாக முடிந்தது. நேற்று கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது, கார் வாங்கும்போது நீங்கள் கொடுத்த காப்பீட்டுத் தாளை. ஜன்னலோரம் பிடித்துப் படித்தாள். "இதுல ரெண்டு தேதி இருக்கே. நம்ம வண்டிக்கு ஒரு வருஷம், அடுத்தவங்களுக்கு மூணு வருஷம். திங்கக்கிழமை நாம கார்லயே போயிருக்கலாம், சட்டப்படி" என்றாள். நான் முதல் தேதியோடு படிப்பதை நிறுத்தியிருக்கிறேன். முடிந்துபோன அந்த முதல் பகுதிக்கு, டயர்க் கடைக்காரர் வந்து காரை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பால் பொங்குவதற்குள் புதுக் காப்பீடு போட்டுக் கொடுத்துவிட்டார். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மருத்துவமனைகளில் விலை கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். அவள் வலது கண்ணால் என்னைப் பார்த்தாள். அறுவை முழு வெற்றி, மாப்பிள்ளை.