சிவப்பு வயர் அண்ணாச்சி

சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரியும் ஓர் இனம் உண்டு. எலெக்ட்ரீஷியன் அல்ல, எலெக்ட்ரீஷியன் வேலை செய்யும்போது பின்னால் நின்று உச்சுக்கொட்டுபவர். சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், அவ்வளவுதான் இவர்களுக்கு உலகம். வீட்டுக் கரண்டில் பிளஸ் மைனஸ் கிடையாது, கரண்ட் வரும் பேஸும் அது திரும்பும் நியூட்ரலும்தான் என்று சொல்லிப் பாருங்கள். "பேரு மாறுனா நெறம் மாறிருமா?" என்பார்கள். வயர் இழுத்தவர் கையில் கிடந்ததை மாற்றி இழுத்திருக்கலாமே? இருக்காது. டெஸ்டர் வைத்துப் பார்க்கலாமே? அதில் விளக்கு எரிந்து நாலு வருஷமாகிறது. எர்த்? "கரிசல் மண்ணே எர்த்துதானவே!"

கோவில்பட்டியில் என் பக்கத்து வீட்டு ராஜமணி அண்ணாச்சி, தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர், இந்த இனத்தின் சுத்தமான மாதிரி. போன கோயில் கொடைக்கு மைக்செட் மாரிராஜ், கடிகார செல்லை வயரில் தொட்டு, ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளுகிறதா என்று பார்த்து, இரண்டு பெட்டிகளையும் ஒரே மாதிரி மாட்டியிருந்தார். அண்ணாச்சி வந்தார். ஒன்றில் சிவப்பு வயர் மைனஸில் இருப்பதைக் கண்டார். மாற்றினார். ஒரு கூம்பு முன்னால் தள்ள, மற்றது பின்னால் இழுத்தது. நெஞ்சில் இடித்த உறுமிச் சத்தம் காணாமல் போயிற்று.

"இப்பந்தான் தெளிவா கேக்குது," என்றார்.

ஸ்பீக்கரில் மாறினால் சத்தம்தான் போகும். போன மாதம் அவர் தன் வீட்டு அடுப்படிக்கு, சிவப்பு வயரைப் பார்த்து, புது சுவிட்ச் போட்டார். அங்கே சிவப்புதான் நியூட்ரல்; சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். நேற்று அவர் மனைவி கல்யாணசுந்தரி அந்த சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி, பியூஸ் போன பல்பைக் கழற்றினார். அவர் விழுந்த சத்தம் கேட்டு நான் ஓடினேன். தரையெல்லாம் கண்ணாடி. அவர் விரலை உதறிக்கொண்டிருந்தார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணுனியா?" என்றார் அண்ணாச்சி.

"பண்ணுனேன்."

"அப்போ கரண்ட் அடிக்காது."

"அடிச்சிட்டுல்லா!"

"அது பயம். ஒடம்புச் சூடு. சிவப்பு வயருலதான் சுவிட்ச் இருக்கு, பாரு."

கல்யாணசுந்தரி எழுந்து நின்றார். "சுவிட்ச் இன்னும் ஆஃப்லதான் இருக்கு. நீங்க ஹோல்டருல வெரல வையிங்க."

அண்ணாச்சி ஹோல்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தா வாரேன்," என்று வாசல் பக்கம் போனார். திரும்பி வந்து, ஸ்டூலில் ஏறி, விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "பாத்தியா?"

"பாத்தேன். ஹால் ஃபேனும் நின்னுட்டு. மெயினப் போட்டுட்டு வந்து வையிங்க."

அண்ணாச்சிக்கு ஆபீஸில் அவசர வேலை வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. தன் விரலுக்கு மெயினை அணைக்கத் தெரிந்த மனிதர்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். இருந்தாலும் ஒன்று கவனியுங்கள். நீங்கள் மாட்டிய சுவிட்சைப் போடும்போது மட்டும் உங்கள் வீட்டில் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொள்கிறார்களா? ஏன் என்று கேட்காதீர்கள். தரை குளிருகிறது என்பார்கள்.