இரு குக்கர்ப் பெரும்போர்

வீடுதோறும் சென்று விடைதோறும் வென்றவளும், வெயிலைக் குடையாகப் பிடித்துப் புழுதியை மாலையாக அணிந்தவளும், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்னும் ஒற்றை வினாவை நாணேற்றி நாட்டின் வயிற்றையே அளக்கப் புறப்பட்டவளும், தெருப்பிள்ளைகளால் அன்போடும் சற்றே அலுப்போடும் கேள்வி அக்கா என்றழைக்கப்பட்டவளுமாகிய கணக்கெடுப்புப் பெருமாட்டியை முதற்கண் வணங்குவோம். அவள் கையிலேந்திய டேப்லெட் கருவியின் சார்ஜ் குறையாதிருக்கட்டும். செருப்பின் வார் சாயங்காலம்வரை தாங்கட்டும். கட்டிப்போடாத நாய்கள் அவளைக் கண்டதும் வேறு வேலை பார்க்கப் போகட்டும்.

எந்த வீட்டில் உலை கொதிக்கிறது, எந்த வீட்டில் வயிறு காய்கிறது, கஷ்டகாலம் ஒன்று வந்தால் எந்தக் குடும்பம் எதுவரை தாக்குப்பிடிக்கும் என்றறிய அரசு நடத்திய அந்த மாபெரும் கணக்கெடுப்பில், குலுக்கலில் விழுந்த வாசல்களை மட்டும் தட்டுவது அவள் கடமை. வாசலுக்கு ஒரு குடும்பம் என்பது கட்டளை. குடும்பம் என்றால் என்ன என்பதற்கும் கட்டளை உண்டு. இரத்தமும் கணக்கில்லை, கூரையும் கணக்கில்லை, ஒரே உலையில் உண்போர் ஒரே குடும்பம். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது, இவ்வளவு எளிதா என்று நம் தலைவி மனத்துக்குள் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புக்கான வட்டியை இந்தத் தெருவின் கடைசி வீட்டில் அவள் கட்ட நேர்ந்தது.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரின் மனைவியர் வாழ்ந்தனர். ஓர்ப்படிகள் இருவரும் ஒரு சமையலறையை நெடுங்காலம் நல்லபடியாகவே ஆண்டுவந்தனர். ஒருநாள் மூத்தவள் பருப்புக்கு உப்புப் போட்டாள். போட்டதறியாத இளையவளும் போட்டாள். அதை வாயில் வைத்த மூத்தவளின் கணவர் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்துபோய்ச் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் பேசாமல் போனதுதான் வினை. யார் கை நீண்டது என்று தொடங்கிய வாக்குவாதம், யார் கல்யாணத்தில் யார் முகத்தைத் திருப்பினார்கள் என்பதுவரை பின்னோக்கி நடந்து, பொழுது சாய்வதற்குள் இரும்புப் பீரோவைச் சமையலறையின் நட்டநடுவே எல்லைக்கோட்டையாக நிறுத்தியது. ஒருத்தியால் அசைக்கக்கூடிய பீரோ இல்லை அது. ஆகவே பிரிந்துபோவதற்காக இருவரும் சேர்ந்தே தள்ளினார்கள்.

அந்தக் கோட்டையின் உச்சியில், எந்த நாட்டுக்கும் சொந்தமின்றி, உப்பு ஜாடி வீற்றிருந்தது. அதைத் தொட்டவள் தோற்றவளாவாள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இருவருக்கும் தெரிந்திருந்தது. மூத்தவளின் கணவர் அன்றுமுதல் உப்பில்லாமல் உண்டு, உயிர்மேல் ஆசையால் வாய் திறவாதிருந்தார். இளையவளின் கணவர் லாரியோடு வெளியூரில் இருந்ததால் தப்பித்தார். இளையவளின் சின்ன மகள் மட்டும் எல்லை என்ற ஒன்றையே அறியாதவளாகப் பெரியம்மாவிடம் சாப்பிட்டுவிட்டு அம்மாவிடம் வந்து தூங்கினாள்.

போர் நிகழ்ந்தது விசில்களால். நண்பகல் நெருங்கியதும் மூத்தவளின் குக்கர் வெற்றிச்சங்கென முழங்கும். அதன் ஒலி அடங்குமுன் பீரோவுக்கு அப்பாலிருந்து இளையவளின் குக்கர் எதிர்ச்சங்கு ஊதும். மூத்தவள் இன்னொன்று விடுவாள். இளையவள் ஒன்றுக்கு இரண்டாக விடுவாள். நான் யாரையும் நம்பிப் பிழைக்கவில்லை, என் வீட்டிலும் தினமும் சமைக்கிறேன் என்பதே அந்த முழக்கத்தின் பொருளென்று தெருவுக்கே விளங்கிற்று.

இவ்வண்ணம் சங்குகள் முழங்கிக்கொண்டிருந்த களத்தில்தான் கேள்வி அக்கா தோள்பையும் அளவுக் கிண்ணங்களுமாகக் கால் வைத்தாள். இந்த வாசலில் எத்தனை குடும்பம் என்று பணிவோடு கேட்டாள்.

"ஒண்ணு" என்றாள் மூத்தவள்.

"ரெண்டு" என்றது பீரோ.

டேப் கருவியோ எண் ஒன்றைப் பெறாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. மேற்பார்வையாளருக்குப் போன் போட்டாள். குலுக்கலில் விழுந்த இந்த வாசலுக்குப் பட்டியலில் இருப்பது மூத்தவளின் பெயர்தான், உலை இரண்டென்றால் மூத்தவளோடு முடித்துவிட்டு வா, இளையவளைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம் என்று அவர் அருள்வாக்கு மொழிந்தார். இரண்டு என்று தட்டிவிட்டால் வேலை பாதியாகும், மூன்று மணிப் பேருந்தும் கிடைக்கும். நம் தலைவியின் கட்டைவிரல் அந்த எண்ணின் மேல் ஒரு கணம் சபலத்தோடு வட்டமிட்டதை மறைப்பானேன்? ஆயினும் கண்ணால் காணாத அடுப்பைக் கணக்கில் எழுதுவதில்லை என்பது அவள் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விரதம்.

முதலில் மூத்தவளின் நாட்டுக்குள் புகுந்தாள். பானையைத் திறந்து காட்டச் சொல்லி, கிண்ணத்தால் சோற்றை அளந்தாள். அளந்தவளின் புருவம் உயர்ந்தது. அங்கே உண்பவர் கணவனும் மனைவியும், போனால் போகிறதென்று அந்தச் சின்னப்பெண்ணும். பானையிலோ ஒரு பந்தியே காத்திருந்தது. மீந்ததை என்ன செய்வீர்கள் என்றாள். தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் தானே தின்று தீர்ப்பதாக மூத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அடுத்து, பக்கவாட்டில் வயிற்றை எக்கிக்கொண்டு, பீரோவைச் சுற்றி எதிர்நாட்டை அடைந்தாள். அங்கே இளையவள் முதுகை நிமிர்த்தி நின்று, நேற்று உண்டவற்றை முழங்கினாள். சோறு என்றாள், பருப்பு என்றாள், கீரை, முட்டை, தயிர் என்றாள். கேட்டவர் வயிறு நிரம்பும் பட்டியல் அது. கடந்த வாரத்தில் ஒருவேளையேனும் உணவில்லாமல் இருந்தீர்களா என்ற வினாவுக்கு, சேச்சே என்று தலையசைத்தாள். அதற்குள் அடுப்பின்மேல் குக்கர் அன்றைய கடைசிச் சங்கை ஊதி ஓய்ந்தது. எல்லா வீட்டிலும் செய்வதுபோல, அளவு பார்க்க வேண்டும் என்றாள் நம் தலைவி. இளையவள் மறுத்தாள். அவசரம் என்றாள். சூடு என்றாள். பிறகு ஆவியை இறக்கி மூடியைத் திறந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியில்லை, பருப்பில்லை, வெறும் தண்ணீர்.

பாகம் பிரித்துக்கொண்டு வந்த அரிசி முந்தாநாளே தீர்ந்திருந்தது. சாமான் வாங்கி வரவேண்டிய லாரி, வரவேண்டிய நாளில் வரவில்லை. மகள் பெரியம்மா வீட்டில் சாப்பிடுகிறாள் என்பதால் இவள் நிம்மதியாகப் பட்டினி கிடந்தாள். நாள் தவறாமல் விசில் மட்டும் விட்டாள்.

எத்தனையோ வீட்டில் எத்தனையோ காலிப்பானை பார்த்தவள்தான் கேள்வி அக்கா. இருந்தாலும் தண்ணீரை வேகவைத்து மானத்தைக் காப்பாற்றிய ஒருத்தியை அவள் இதுவரை பார்த்ததில்லை. இளையவளின் கண்கள், சொல்லிவிடாதே என்று கெஞ்சின. சொல்லவும் கூடாதுதான். ஒரு குடும்பத்தில் கண்டதை இன்னொரு குடும்பத்திடம் வாய்விடுவது கணக்கெடுப்பாளருக்கு மாபெரும் குற்றம். இரண்டு குடும்பம் என்று எழுதினால் இந்தப் பசி எந்தத் தாளிலும் ஏறாது, எவர் காதிலும் விழாது, நாளைக்கும் குக்கரில் தண்ணீர்தான் கொதிக்கும்.

அப்பொழுதுதான், படைநூல் எதுவும் சொல்லாத ஒரு வியூகம் நம் பெருமாட்டியின் சிந்தையில் உதித்தது. அவள் இளையவளைப் பற்றி ஓர் எழுத்தும் உதிர்க்கவில்லை. பீரோவின் ஓரத்தில், இரு நாடுகளுக்கும் செவி எட்டும் அந்த இடுக்கில், ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக நின்றாள். அரசாணை படிக்கும் குரலில், மூத்தவளிடம் விட்டுப்போன ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, காலைல எத்தனை பேருக்கு அரிசி போட்டீங்க?"

மூத்தவள் கரண்டியை எடுத்தாள், வைத்தாள்.

"அஞ்சு பேருக்கு. கைப்பழக்கம்."

கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் அடங்கியது. பிறகு பீரோவுக்கு அப்பாலிருந்து, போர் மூண்ட நாள்முதல் மூத்தவளை நோக்கி எழாத குரல் எழுந்தது.

"உங்க கொழுந்தன்தான் ஊர்லயே இல்லையே அக்கா. அவருக்குமா?"

"கை கேட்டுக்கிட்டா போடுது?" என்றாள் மூத்தவள். பிறகு, "விசில் வருது, வாசனையே காணோமேன்னு நானும் ரெண்டு நாளா பாக்குறேன். நீ என்ன சமைச்ச?"

இந்த விடையைத் தான் எழுதியாக வேண்டும் என்பதையே கேள்வி அக்கா மறந்துபோனாள்.

"தண்ணி" என்றாள் இளையவள்.

அந்த ஒரு சொல்லில் கோட்டை விழுந்தது. மூத்தவள் அழவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தவள், "பீரோவப் பிடி" என்றாள். பிடித்தார்கள். ஆனால் ஒருத்தி கோபத்தில் பலமிழந்திருந்தாள், ஒருத்தி பசியில் பலமிழந்திருந்தாள். பீரோ அசைவேனா என்றது. அப்போது நாட்டின் வயிற்றை அளக்க வந்த வீராங்கனை தன் ஆயுதங்கள் அனைத்தையும் தரையில் வைத்துவிட்டு, கூந்தலை முடிந்து, மூன்றாம் மூலையில் தோள் கொடுத்தாள். தரை கீறியது. இரும்பு ஓலமிட்டது. உச்சியிலிருந்த உப்பு ஜாடி தடுமாறி, ஆடி, கவிழாமல் நின்றது. எல்லைக்கோட்டை தன் பழைய சுவரோரம் போய்ச் சேர்ந்து மீண்டும் வெறும் பீரோவானது.

அதன்பின் அவள் டேப்பை எடுத்து, குடும்பம் ஒன்று, உலை ஒன்று, உண்போர் ஐவர் என்று பதிந்தாள். கடந்த வாரத்தில் இக்குடும்பத்தில் எவரேனும் உணவில்லாமல் இருந்ததுண்டா என்னும் வினாவை இருவர் முன்னிலையிலும் மறுபடி கேட்டாள். ஆமாம் என்று மூத்தவளே சொன்னாள். கணக்கெடுப்பவர் அந்த வீட்டுச் சோற்றைத் தொடலாகாது என்ற விதியை நம் தலைவி நன்கறிவாள். ஆகவே பதிவை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, கடமையின் கவசங்களைக் கழற்றிய வெறும் மனுஷியாகவே தட்டின்முன் அமர்ந்தாள். மூன்று மணிப் பேருந்து போரின் எஞ்சிய ஒரே இழப்பாகத் தெருமுனையில் ஒலியெழுப்பிப் போனது. இளையவளின் தட்டில் மூத்தவள், போதும் போதும் என்ற கையை விலக்கிவிட்டு, ஐந்து பேர் சோற்றில் பெரும்பங்கை அள்ளி வைத்தாள்.

பருப்பில் உப்பு இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.